சென்னையிலிருந்து வரும் விஷமுறிவு மருந்தை வாங்கி வைக்கலாமா?

கேள்வி: பர்மாவில் பெகு பக்கம் எங்களுக்கு நெல் வயல். அறுப்புக் காலத்தில் கண்ணாடி விரியன் பயம். சென்னை போய்வரும் ஒருவர் இந்திய விஷமுறிவு மருந்து ஒரு குப்பி தருகிறேன் என்கிறார். வீட்டில் வைத்துக்கொள்ளலாமா ஐயா?

பதில்: வாங்காதீர்கள். அது இந்தியப் பாம்புகளின் விஷத்தைக் குதிரைக்கு ஏற்றித் தயாரித்த மருந்து. பர்மாவின் கண்ணாடி விரியன் தனி இனம். 2007இல் வந்த மரபணு ஆய்வுக்குப் பின் பெயரையே பிரித்துவிட்டார்கள். விஷத்தின் சேர்க்கையும் வேறு. இந்த நாட்டு விரியன் விஷத்தைக் கொண்டு இங்கேயே மருந்து தயாராவது அதனால்தான்.

குப்பி விற்பவர் இதையெல்லாம் சொல்லமாட்டார். திரவ மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும். பெட்டிக்குள் வெந்து வந்த குப்பிக்கு யார் பொறுப்பு? ஒரு குப்பி ஒரு கடிக்கே போதாது. வீட்டில் ஏற்றி ஒவ்வாமை வந்தால், அட்ரினலின் ஊசி கையில் இல்லாமல் உயிரே போகலாம். காசு பறிக்கும் வேலை இது.

கடிபட்டால் கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், நடக்க விட வேண்டாம். துன் பே முதலான பர்மிய ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்ட முறை எளிது. 5 செ.மீ. சதுரம், 2-3 செ.மீ. தடிமனுக்குத் துணியை மடித்துக் கடிவாயின்மேல் வையுங்கள். அகலத் துணியால் அழுத்திச் சுற்றி, மூங்கில் பட்டை வைத்து அசையாமல் கட்டுங்கள். மருந்து ஏறத் தொடங்கும்வரை அவிழ்க்காதீர்கள். எந்த மருத்துவமனையில் விரியன் மருந்து இருக்கிறது என்று அறுப்புக்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

அங்கே இரத்தத்தைப் புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் ஏறிவிட்டது. பிளாஸ்டிக் குழாயிலும் சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல இரத்தமே உறையாமல் நிற்கலாம். கண்ணாடிக் குழாய்தானா என்று கேளுங்கள்.

கடித்தும் விஷம் ஏறாத கடி உண்டு. அப்படிக் கடிபட்டவருக்கு மருந்து தேவையில்லை. ஆனால் முதல் சோதனையில் இரத்தம் உறைந்தது என்பதற்காக அவரை வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள். விஷம் மெல்லப் பரவி, சில மணி நேரம் கழித்து உறைதல் கெடலாம். திரும்பத் திரும்பச் சோதித்து, 24 மணி நேரமாவது வைத்துப் பார்க்க வேண்டும். "சும்மா கடி, போகலாம்" என்று யார் சொன்னாலும் நகராதீர்கள்.

பர்மாவின் தாராவடி ஊர் மருத்துவமனை நோயாளிகளை வைத்து, இரத்தமும் சிறுநீரகமும் கெடும் விதத்தை 1985இலேயே எழுதிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்ப் பட்டியலில் முறையாகச் சேர்த்ததோ 2017இல். கடிபடுபவர் ஏழை விவசாயி. அதனால்தான் இத்தனை தாமதம்.

சிறுநீர் குறைந்தால் உடனே சொல்லுங்கள். பிழைத்தவருக்கு மாதங்கள் கழித்து ஓயாத சோர்வு, உடல் முடி உதிர்தல், பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது என்று வந்தால், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி கெட்டிருக்கலாம். 1987இல் பர்மா நோயாளிகளிடம் கண்டது இது. டாக்டரிடம் பழைய பாம்புக்கடியை முதலில் சொல்லுங்கள், அவராகக் கேட்கமாட்டார்.