இன்று அவர் எங்கே போனார்?

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தைப் பல வருடங்களாக வாசிக்கிறேன். இப்போதுதான் எழுதுகிறேன். பூச்சோங்கில் அம்மாவோடு இருக்கிறேன். கோலாலம்பூரில் மஸ்ஜித் ஜாமெக் பக்கம் வேலை. ஜனவரி முதல் தேதியிலிருந்து தினமும் எல்ஆர்டி ரயிலில் போகும்போது கைப்பேசியில் வேதம் வாசித்துவந்தேன். ஓராண்டில் முழு வேதாகமத்தையும் முடிக்கும் திட்டம். 212 நாள் ஒருநாளும் விடவில்லை. ஆகஸ்டு முதல் தேதி அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்து வார்டில் சேர்த்தோம். 11 நாள் கூடவே இருந்தேன். வீட்டுக்கு வந்து செயலியைத் திறந்தால், விடாமல் வாசித்த நாட்களின் எண்ணிக்கை பூஜ்யம். அழுதுவிட்டேன். அதற்கப்புறம் திறக்கவே மனசு வரவில்லை. எங்கள் ஜெபக்குழுவில் என்னோடு தொடங்கிய ஒருவர் இன்றுவரை விடாமல் வாசிக்கிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் நான் இயேசுவை விட்டுத் தூரமாய்ப் போய்விட்டதுபோல இருக்கிறது.

விட்ட அதிகாரங்களைச் சேர்த்து வாசிக்க வேண்டுமா, இல்லை ஜனவரியில் புதிதாகத் தொடங்கலாமா? காலையில்தான் வாசிக்க வேண்டுமா? நான் மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்தவள். இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதவே இரண்டு நாள் ஆனது. ஆங்கில வேதாகமம் வாசித்தால் தவறா?

பெயர் வேண்டாம்,
பூச்சோங்

*

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா இப்போது எப்படி இருக்கிறார்? அதை நீங்கள் எழுதவே இல்லை. 212 எழுதினீர்கள், 11 எழுதினீர்கள், பூஜ்யம் எழுதினீர்கள். அம்மா வீட்டுக்குள் நடமாடுகிறாரா, ராத்திரி படுத்துத் தூங்க முடிகிறதா என்று ஒரு வரி இல்லை. முதலில் இதற்காக உங்களைக் கோபித்துக்கொள்கிறேன்.

சின்னக் கேள்விகளை முடித்துவிடலாம். காலையோ ராத்திரியோ, உங்களுக்குத் தூக்கம் வராத நேரம் எதுவோ அதில் வாசியுங்கள். மொழி என்றால், அம்மாவோடு எந்த மொழியில் சண்டை போடுவீர்களோ அந்த மொழியில் வாசியுங்கள். ஜெபக்குழுவில் இருக்கும் அந்த ஒருவரைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. யோவான் 21-ல் பேதுரு இன்னொரு சீஷனைத் திரும்பிப் பார்த்து, இவன் காரியம் என்ன என்று கேட்கிறார். 'உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா' என்று பதில் வருகிறது. அந்த 'உனக்கென்ன'வை உங்களுக்கும் அனுப்பிவைக்கிறேன்.

ஆனால் 'தூரமாய்' என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். இரண்டு வாரமாக நான் அந்த வார்த்தையில்தான் நிற்கிறேன். மாற்கு 14, 54-ஆம் வசனம். இயேசுவைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். 'பேதுரு தூரத்திலே அவருக்குப் பின்சென்று', பிரதான ஆசாரியனுடைய அரமனைக்குள் வந்து, சேவகரோடு உட்கார்ந்து நெருப்பண்டையில் குளிர்காய்கிறார். ஒரேயடியாக ஓடிப்போய்விடவில்லை, பின்னால்தான் போனார். ஆனால் தூரத்தில் போனார், போன இடத்தில் கதகதப்பாக உட்கார்ந்துகொண்டார். இந்த வசனத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் அப்படித் தூரமாய்ப் போனவர் இல்லை. உங்களை யார் இப்படி நம்பவைத்தார்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. வாசிப்புத் திட்டங்களின் முதல் பக்கத்தில் லூக்கா 9:23-ஐப் போட்டு நான் பார்த்திருக்கிறேன். 'தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்.' அதன் கீழே நாள்வாரியாக அதிகாரங்களின் அட்டவணை. தங்கச்சி, அந்த வசனத்தை நிதானமாக இன்னொரு முறை வாசியுங்கள். 'அனுதினமும்' எதோடு சேர்கிறது? சிலுவையை எடுப்பதோடு. மத்தேயுவிலும் மாற்குவிலும் இதே வசனம் இருக்கிறது, அங்கே அந்தச் சொல் கிடையாது. லூக்கா மட்டும்தான் அதைச் சொல்கிறார். அவ்வளவு கவனமாக வைக்கப்பட்ட ஒரு சொல்லைப் பிடுங்கி, மூன்றேகால் அதிகாரத்தின் தலையில் ஏன் கட்டுகிறோம்? வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். 365-ஆல் வகுத்தால் நாளைக்கு மூன்றேகால். நீங்கள் விட்ட 11 நாளுக்கு 36 அதிகாரம் பாக்கி. வட்டிக்கடைக் கணக்குப் போல இல்லையா இது?

பெரோயா ஊர்க்காரர்கள் தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தார்கள் என்று அப்போஸ்தலர் 17 சொல்கிறதே என்று சிலர் கேட்பார்கள். சொல்கிறதுதான். பவுல் சொன்னது உண்மையா என்று பார்க்க, ஜெப ஆலயத்தில் கூடி ஆராய்ந்தார்கள். ஆளுக்கொரு சுருள் அவர்கள் வீட்டில் இருக்கவில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தின் தொடக்கத்தில் 'வாசிக்கிறவனும், கேட்கிறவர்களும்' பாக்கியவான்கள் என்று வருகிறது. வாசிக்கிறவன் ஒருவன், கேட்கிறவர்கள் பலர். சபை அப்படித்தான் நூற்றாண்டுக்கணக்கில் வாழ்ந்தது. தமிழில் புதிய ஏற்பாட்டை சீகன்பால்க் தரங்கம்பாடியில் அச்சிட்டதே 1714, 1715-ல்தான். அச்சான பிறகும் எழுத்துத் தெரியாதவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.

எங்கள் அப்பாயிக்கு, அப்பாவின் அம்மாவுக்கு, நான் வாசித்துக் காட்டினேன்.

அது 1968. எனக்கு ஒன்பது வயது. நிபோங் திபாலுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டம். இப்போது அந்த இடத்தில் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள் நிற்கின்றன. அப்பாயி பால்வெட்டுத் தொழிலாளி, எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் சாப்பாடு முடிந்ததும் மண்ணெண்ணெய் விளக்கைப் பாயின் அருகில் வைத்துவிட்டு, 'வாசிடி' என்பார். ஒரு அதிகாரம். முடித்ததும் ஒரே கேள்வி. "இன்னிக்கு எங்கடி போனாரு அவரு?"

முதலில் எனக்கு அது விளங்கவில்லை. இயேசு இப்படிச் சொன்னார், அப்படிச் சொன்னார் என்று ஒப்பிப்பேன். "சொன்னது இருக்கட்டும். எங்க போனாரு, யாரு வீட்டுக்குப் போனாரு?" என்பார். நான் திரும்பவும் விரலை வைத்துத் தேடுவேன். கப்பர்நகூம். கடலுக்கு அக்கரை. யவீரு வீடு. எரிகோ. அப்பாயி அந்தப் பேர்களை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு விளக்கை ஊதிவிடுவார்.

மாற்கு முதல் அதிகாரத்தில், 'அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு, வனாந்தரமான ஓரிடத்திற்குப் போய்' ஜெபம்பண்ணினார் என்று வாசித்த ராத்திரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பாயி எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இருட்டோடவா? நம்ம பெரட்டு நேரம்டி அது!" பெரட்டு என்றால் விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூட்டுவது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் பால்வெட்டுக்காரர்கள் விடியுமுன்னே எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடப்பார்கள். தான் தனியாக நடக்கும் அந்த இருட்டில் இயேசுவும் நடந்திருக்கிறார் என்பது அப்பாயிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் காட்டுக்குப் போகும்போது முனகிக்கொண்டே போவார். பாட்டா, ஜெபமா, பேச்சா என்று நான் கேட்டதில்லை.

இரண்டாம் அதிகாரம் வாசித்தபோது வேறு மாதிரி ஆனது. ஆயக்காரனாகிய லேவியின் வீட்டில் இயேசு பந்தியிருக்கிறார். ஆயக்காரன் என்றால் யார் என்று கேட்டார். வரி வசூலிக்கிறவன், யாரும் அவனைச் சேர்க்கமாட்டார்கள் என்று பள்ளியில் சொன்னதைச் சொன்னேன். அப்பாயி ஒன்றும் பேசவில்லை. எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் கள்ளுக்கடையில் வேலை பார்த்தவரின் குடும்பம் இருந்தது. சபைக்காரர்கள் அந்த வாசலை மிதிக்கமாட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் பார்க்க, அப்பாயி என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போனார். காப்பி வாங்கிக் குடித்தார். எனக்கு ஒரு மாரி பிஸ்கட் கிடைத்தது. அடுத்த மாதம் உபதேசியார் வந்து கண்டித்தபோது, "அவரு சோறே சாப்பிட்டிருக்காரு ஐயா, நான் காப்பிதான குடிச்சேன்" என்றார்.

நற்செய்திகளில் பின்பற்றுவது என்றால் கால் நகர வேண்டும். மீனவர்கள் வலையை விட்டுவிட்டு எழுந்து போனார்கள், லேவி ஆயத்துறையை விட்டு எழுந்து போனார். அப்பாயி அதை அப்படியே எடுத்துக்கொண்டார். நிருபங்களுக்கு வந்தபோது, ரோமரில் இரண்டு அதிகாரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல அவரு எங்கயும் போகலியேடி" என்றார். திரும்ப மத்தேயுவுக்குப் போனோம். நான்கு நற்செய்திகளும் சேர்த்து 89 அதிகாரம். நாளுக்கு ஒன்று என்றால் வருஷத்துக்கு நாலு சுற்று. அப்படி மூன்று வருஷம் வாசித்தேன். பவுலை இப்படி விட்டுவிடலாமா என்று போதகர்கள் யாராவது கேட்டால், கூடாதுதான். நான் பிற்பாடு வாசித்தேன், ரோமர் எட்டாம் அதிகாரம் இல்லாமல் என் விதவைக் காலத்தை நான் கடந்திருக்கமாட்டேன். ஆனாலும் அப்பாயியைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

உங்கள் 11 நாளுக்கு வருகிறேன். மாற்கு ஐந்தில் யவீருவின் மகளை இயேசு எழுப்புகிறார். எழுப்பிவிட்டுக் கடைசியாக ஒன்று சொல்கிறார். அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்று. அந்த அதிகாரம் அதோடு முடிகிறது. நீங்கள் வார்டில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? கஞ்சி ஊட்டியிருப்பீர்கள், முதுகைத் தாங்கிப் பிடித்திருப்பீர்கள், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியிருப்பீர்கள். அந்த நாட்களை விட்ட நாட்களாக எண்ணுகிறீர்கள்! ஒரு செயலி அப்படிச் சொல்லலாம், அதற்கு அம்மா கிடையாது. நீங்கள் சொல்லக்கூடாது.

பால்மரத்தைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன், நீங்கள் நகரத்தில் வளர்ந்தவர். எங்கள் தோட்டத்தில் ஒரு மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவார்கள். பட்டையில் மெல்லிய சீவல், அவ்வளவுதான். மழை பெய்தால் வெட்டு கிடையாது. ஓயாமல் வெட்டிய மரம் பட்டை வறண்டு, கத்தி வைத்தாலும் பால் வராமல் நின்றுவிடும். அப்படி நின்றுபோன மரத்தை அப்பாயி தடவிப் பார்ப்பார். "அவசரப்பட்டுட்டானுங்க" என்பார். உங்கள் கடிதத்தில் 'மனசு வரவில்லை' என்று படித்தபோது அந்த மரம்தான் கண்முன் வந்தது.

இப்போது என் காரியம். நான் பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். தம்பி கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில். அப்பா விட்டுப்போன வீட்டை விற்பதில் எங்களுக்குள் பேச்சு முறிந்து நாலு வருஷம் ஆகிறது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் என் பக்கம்தான் எழுதுவேன். இந்த நாலு வருஷத்தில் நான் வேதம் வாசிக்காத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கோடு போட்டு, குறிப்பெழுதி, கண்ணீர்விட்டு வாசித்திருக்கிறேன். போன மாதம் தம்பிக்குக் காலில் சர்க்கரைப் புண் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கும் ஒரு அதிகாரம் வாசித்தேன். போகவில்லை. நாலைந்து நாள் கழித்து மாற்கு 14-க்கு வந்தேன். தூரத்திலே பின்சென்று, நெருப்பண்டையில் குளிர்காய்ந்து. அதற்குமேல் எப்படி நகர்வது? அப்பாயி இருந்திருந்தால் கேட்டிருப்பார். அவரு எங்க போனாரு, நீ எங்கடி உக்காந்திருக்க?

தூரம் என்று எழுதினீர்கள் இல்லையா, எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஃபெரியில் ஒரு கால்மணி நேரம்.

இளவயதில் வேலைக்குப் போகும்போது தினமும் கடந்த கடல்தான் அது. பழைய ஃபெரியின் மேல்தளத்தில் நின்று, அக்கரை சேர்வதற்குள் ஒரு அதிகாரம் முடித்துவிடுவேன். வண்டிகள் ஏற்றிய அந்தப் பெரிய ஃபெரிகள் சில வருஷங்களுக்கு முன் நின்றுவிட்டன. இப்போது ஓடுபவை புதியவை, நான் இன்னும் ஏறியதில்லை. சனிக்கிழமை காலை ஏறுகிறேன். பையில் வேதாகமம் வைத்துக்கொள்ளப் போவதில்லை. தம்பிக்குப் பிடித்த மீன் சம்பலைச் செய்து எடுத்துப்போகிறேன். கதவைத் திறப்பானா தெரியாது.

உங்கள் கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஜனவரிக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். 36 அதிகாரத்தைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம். அந்த எண்ணிக்கையைக் காட்டும் வசதியை நிறுத்த முடிந்தால் நிறுத்திவிடுங்கள், முடியாவிட்டால் செயலியையே நீக்கிவிடுங்கள். வீட்டில் அம்மாவின் வேதாகமம் ஒன்று இருக்கும், அதை எடுத்து இன்று ராத்திரி அவர் கட்டிலருகே உட்கார்ந்து மாற்கு முதல் அதிகாரத்தைச் சத்தமாக வாசியுங்கள். தமிழ் கஷ்டம் என்றால் எழுத்துக் கூட்டியே வாசியுங்கள், தப்பு வந்தால் அம்மா திருத்துவார். அந்த அதிகாரத்தில் சீமோனுடைய மாமி ஜுரமாய்க் கிடப்பார். அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் போங்கள். முடித்ததும் அம்மாவிடம் கேளுங்கள், இன்றைக்கு அவர் எங்கேயெல்லாம் போனார் என்று.

அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். இப்போது மூச்சு எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
அக்கா