நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ஆட வால்ஹைம் வாங்கலாமா, காசுக்கு வொர்த்தா?

நாலு பேரு வேற வேற ஊர்ல இருக்கோம், சேர்ந்து ஆடறதுக்கு வால்ஹைம் வாங்கலாமா, இல்ல ரெண்டு நாள்ல போரடிச்சுடுமான்னு கேட்டிருக்கீங்க. நாங்களும் நாலு பேருதான் (நான், என் மச்சான், மதுரையில ஒருத்தன், துபாய்ல ஒருத்தன்), அதான் கையச் சும்மா வச்சுக்க முடியாம எழுத வந்துட்டேன். மத்தபடி நான் பெரிய கேமர்லாம் கிடையாது. கேம் வாங்கற ஸ்டீம் கடையில என் கணக்குல 312 மணி நேரம் ஆடினதா காட்டுது, அதுல பாதி மரம் வெட்டினது.

உங்க நிலைமைய நானே சொல்லிடறேன். நாலுல ரெண்டு பேருக்கு கல்யாணம் ஆகியிருக்கும், ஒருத்தன் நைட் ஷிஃப்ட், ஒருத்தன்கிட்ட இருக்கறது ஆபீஸ் லேப்டாப் மட்டும். அந்த லேப்டாப்காரன்கிட்ட முதல்ல பேசுங்க. பாக்கறதுக்கு ஏதோ பழைய காலத்து கேம் மாதிரி இருக்கேன்னு ஏமாந்துடாதீங்க, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லன்னா முக்கி முனகித்தான் ஓடும்.

கேம் பத்தி சுருக்கமா. ஸ்வீடன்ல அஞ்சு பேரு சேர்ந்து பண்ணினது, 2021 பிப்ரவரியில ஏர்லி ஆக்சஸ்ல, அதாவது முழுசா முடியறதுக்கு முன்னாடியே விக்கற முறையில வந்துது, ஒரே மாசத்துல 50 லட்சம் காப்பி போச்சு. செத்துப்போன வைக்கிங்கா போய் இறங்கறோம், மரம் வெட்டி, வீடு கட்டி, தாமிரம் வெள்ளீயம் இரும்புன்னு ஒவ்வொண்ணா ஏறி, ஏரியாவுக்கு ஒரு பெரிய பூதம் (பாஸ்)னு அடிச்சுட்டுப் போகணும். ஒரு உலகத்துல 10 பேரு வரைக்கும் ஆடலாம். சாப்பிடலன்னா இதுல சாக மாட்டோம், சாப்பிட்டாத்தான் உயிரும் மூச்சும் கூடும், ஒரு நேரத்துக்கு மூணு ஐட்டம். இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்குப் புடிச்சுது, ஏன்னா மத்த சர்வைவல் கேம்ல பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ பசிக்குதுன்னு உயிர வாங்கும். வீட்டுக்குள்ள அடுப்பு மூட்டினா புகை போக கூரையில வழி விடணும், இல்லன்னா மூச்சு முட்டும். எங்க மதுரைக்காரன் மொத நாள் கதவ சாத்திட்டு கறி சுட்டு அவனே போய்ச் சேர்ந்தான்.

சரி, நான் சொல்ல வந்தது இரும்புக் கதை.

இரும்பு எடுக்கணும்னா சதுப்பு நிலத்துக்குப் போகணும், அங்க தரைக்கு அடியில இருக்கற கல்லறையத் திறக்கணும், அதுக்கு சாவி வேணும், அந்த சாவி எல்டர்ங்கற மரத்து பூதத்த அடிச்சாத்தான் கிடைக்கும். எங்களுக்கு வாய்ச்ச சதுப்பு வேற தீவுல. போர்ட்டல்னு ஒரு மாய வாசல் இருக்கு, அத வச்சு ஒரு நொடியில ஆளு போகலாம் வரலாம், ஆனா உலோகத்த போர்ட்டல் விடாது. ஒரு இரும்புத் துண்டு எடை 10, நம்மால தூக்க முடியறது 300. அப்ப படகுதான். கார்வேன்னு ஒரு சின்னப் படகு, அதுல சாமான் வைக்க நாலே நாலு கட்டம், கட்டத்துக்கு 30 துண்டு. ஆக 120 இரும்பு. அத நிரப்ப மட்டும் எங்களுக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு, முழங்கால் தண்ணியில அட்டை, எலும்புக்கூடு, விஷம்னு ஒரே அக்கப்போரு.

நிரப்பிட்டு கிளம்பினா எதிர்க்காத்து. பாய விரிச்சா பின்னாடி போகுது, துடுப்பு போட்டு நத்த மாதிரி வர்றோம், இருட்டிப் போச்சு, மழை வேற. துபாய்க்காரன் "டேய் தண்ணிக்குள்ள ஏதோ பச்சையா வளையுதுடா"ங்கறான், பாத்தா கடல் பாம்பு. மச்சான் வில்லெடுத்து அடிக்கறான், நான் சுக்கான புடிச்சிருக்கேன், கரை தெரியுது, அந்த நேரம் பாத்து எல்லாம் அப்படியே நின்னுச்சு. கனெக்‌ஷன் போச்சு. உலகம் ஓடினது மதுரைக்காரன் கம்ப்யூட்டர்ல, அவன் வீட்ல கரண்ட் கட்.

முக்கா மணி நேரம் கழிச்சு வந்துது. இதுல உலகத்த ஹோஸ்ட் மெஷின்ல தனியா சேவ் பண்ணும், கேமுக்குள்ள நாம ஆடற ஆளு நம்ம மெஷின்ல தனியா சேவ் ஆவான். உலகம் பழைய சேவுக்குப் போயிடுச்சு, அதாவது படகும் இரும்பும் சதுப்புக் கரையில பத்திரமா நிக்குது, மதுரைக்காரன் அது பக்கத்துல. நாங்க மூணு பேரும் விட்ட இடத்துலயே முழிச்சோம். நடுக்கடல். மூணு தலை மட்டும் மிதக்குது, மூச்சு குறைஞ்சுக்கிட்டே போகுது. ஹெட்செட்ல ரெண்டு செகண்ட் சத்தமே இல்ல, அப்புறம் சிரிச்சோம் பாருங்க, பக்கத்து ரூம்ல இருந்து என் வைஃப் எழுந்து வந்து என்ன ஆச்சுன்னு கேக்கற அளவுக்கு. நான் அந்த வருஷம் அப்படி சிரிச்சதே அன்னிக்குத்தான்.

இதுக்கு வந்து "டெடிகேட்டட் சர்வர் போட வேண்டியதுதானே"ன்னு, அதாவது உலகத்த ஓட்டறதுக்குன்னே தனியா ஒரு மெஷின் வைங்கன்னு, ஒருத்தர் கமெண்ட் போடுவாரு. தெரியும் சார், சர்வர் மென்பொருள் ஃப்ரீதான், ராத்திரி பகலா ஓட்டறதுக்கு மெஷினும் கரண்டும் யாரு குடுப்பா? நான் இருக்கறது வாடகை வீடு. யூனிட்டுக்கு 9 ரூபான்னு ஹவுஸ் ஓனர் சப் மீட்டர் வச்சு வாங்கறாரு. ரெண்டு மாசத்துக்கு இவ்வளவு யூனிட் இலவசம்னு அரசாங்கம் குடுக்குதே, அது அவரு பில்லுல கழிஞ்சுடும், எங்ககிட்ட மொத யூனிட்ல இருந்தே 9 ரூபா. கேட்டா "ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க ரூம்ல என்ன எரியுது"ங்கறாரு. எட்டு வருஷமா வாடகை குடுக்கற மனுஷன்கிட்ட கேக்கற கேள்வியா இது? சரி விடுங்க, இது வேற பஞ்சாயத்து.

2023ல வந்த ஹில்டிர் அப்டேட்ல உலக செட்டிங் மாத்தலாம்னு வந்துது, போர்ட்டல்ல உலோகமும் போகும். துபாய்க்காரன் புது உலகத்துல அத ஆன் பண்ணிட்டான். லீவு கம்மி, நேரம் இல்லன்னு அவன் நியாயம் அவனுக்கு, தப்புன்னு சொல்லல. ஆனா இரும்பு ரெண்டே ராத்திரியில முடிஞ்சுது, யாரும் படகே கட்டல, மூணாவது வாரம் க்ரூப்ல யாரும் "வர்றியா"ன்னு கேக்கல. நேரத்த மிச்சம் பண்ணி என்னத்த கண்டோம்னு எனக்குத் தோணுச்சு. உங்களுக்கு வேற மாதிரி தோணலாம், சண்டைக்கு வராதீங்க.

அதனால உங்க நாலு பேருல வாரத்துக்கு ஒரு ராத்திரி நிச்சயமா உக்கார மூணு பேரு இருந்தா கண்ண மூடிட்டு வாங்குங்க. தனியா ஆடறதுக்குன்னா நான் வேணாம்னுதான் சொல்லுவேன், வீடு கட்டற பைத்தியம் இருந்தா ஒழிய. வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரம் ஆடறதுக்குள்ள ஸ்டீம்ல ரீஃபண்ட் கிடைக்கும்தான், ஆனா மொத ரெண்டு மணி நேரத்துல நீங்க பாக்கப் போறது மானும் பன்னியும் வெட்டின மரம் நம்ம தலையிலயே விழுறதும்தான், அத வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. நான் ஆடின வரைக்கும் கேம் முழுசா முடியல, டீப் நார்த்னு கடைசி ஏரியா பாக்கி, அது ஒரு குறையா எங்களுக்குப் படவே இல்ல, அதுவரைக்கும் யாரு போனா. உலகத்தோட டிபி, எஃப்டபிள்யூஎல்னு ரெண்டு ஃபைல் இருக்கும், வாரா வாரம் காப்பி எடுத்து வேற ஒருத்தன்கிட்டயும் வச்சுக்குங்க.

மதுரைக்காரன் இப்ப யூபிஎஸ் வாங்கிட்டான். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு பழைய உலகத்துக்கே போறதா பேச்சு, அந்த 120 இரும்பு இன்னும் சதுப்புக் கரையிலதான் கிடக்கு. மச்சான் வர்றேன்னுட்டான். துபாய்க்காரனுக்கு நீல டிக் விழுந்திருக்கு, பதில் வரல.