தட்டத் தெரிந்த கை

அன்புள்ள அண்ணா,

வயது 37. இரண்டு மாதமாக பிரேசிலியன் ஜியு-ஜிட்சு வகுப்புக்குப் போகிறேன், தரையில் கட்டிப்புரண்டு கழுத்தையும் மூட்டுகளையும் பூட்டும் மல்யுத்தம். தினமும் தோல்விதான். என் எடையில் பாதிகூட இல்லாத கல்லூரிப் பெண் கழுத்தை இறுக்கிவிடுகிறாள். தோற்றேன், விடு என்று கையால் தட்டும்போது கூசிப்போகிறது. போன வாரம் இந்த வித்தையை வளர்த்த பிரேசில்காரர் ஹீலியோ கிரேசி மாதிரி தட்டாமல் தாக்குப்பிடித்தேன். எடை குறையுமா? தெருச்சண்டைக்கு உதவுமா? முட்டிவலியோடு தொடரலாமா?

க., சென்னை

அன்புள்ள க.,

சாப்பாட்டையும் கவனித்தால் எடை குறையும். தெருவில் கத்தியைக் கண்டால் ஓடிவிடுங்கள். அது போகட்டும்.

'தட்டாமல் தாக்குப்பிடித்தேன்' என்ற வரியைப் படித்ததும் கோபம்தான் வந்தது. ஹீலியோ கதையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டீர்கள். 1951இல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா அவர் கையை முறுக்கினார். ஹீலியோ தட்டவில்லை, கை உடைந்தது என்று கிமுரா எழுதியிருக்கிறார். தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளமாகத் துண்டை வீசிச் சண்டையை முடித்தது அண்ணன் கார்லோஸ். தம்பிக்காகத் தட்ட ஒரு அண்ணன் அங்கே இருந்தார். அந்தப் பூட்டுக்கு இன்றும் கிமுரா என்றுதான் பெயர். தோற்ற குடும்பத்தின் வழிவந்தவர்களும் ஜெயித்தவர் பெயரைச் சொல்லித்தான் அதைக் கற்றுத்தருகிறார்கள்.

இந்த வித்தையின் வேர் ஜூடோவில் இருக்கிறது. 1882இல் ஜப்பானில் கோடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, ஆளை முடமாக்கும் அடிகளைப் பயிற்சி மோதலிலிருந்து ஒதுக்கினார். அதனால்தான் மாணவர்கள் முழு பலத்தோடு மோதவும், மறுநாள் அதே ஆளோடு மறுபடி மோதவும் முடிந்தது. அங்கே படித்த மயேடா 1914இல் பிரேசில் போனார். கார்லோஸ் கற்றது அவரிடம். மோதல் முழு பலத்தோடு நடப்பதற்குக் காவல் அந்த இரண்டு தட்டுதான். நீங்கள் தட்டுவீர்கள் என்று நம்பித்தான் அந்தப் பெண் இறுக்குகிறாள். தட்டாமல் இருப்பது வீரமில்லை, அவளுக்குச் செய்யும் துரோகம்.

எனக்கு இது தெரிந்த விதம் வேறு. நான் வகுப்பில் சேர்ந்த ஆறாவது வாரம். 20 வயதுப் பையன் ஒருவன் என் வலது கையைத் தன் தொடைகளுக்கு நடுவே நீட்டிப் பிடித்து, கட்டைவிரல் மேலே பார்க்கும்படி வைத்து, இடுப்பை மெல்லத் தூக்கினான். வலி பெரிதாக இல்லை. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று பல்லைக் கடித்தேன். முருங்கைக்காயை ஒடிப்பது போல முழங்கையில் ஒரு சத்தம். அவன் சட்டென்று விட்டுவிட்டு என் எதிரே உட்கார்ந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "ஏன் சார் தட்டலை?" என்று நாலைந்து முறை கேட்டான். என்னிடம் பதில் இல்லை. மூன்று மாதம் வலது கையால் சோறு பிசைய முடியவில்லை. அந்த வலி மறந்துவிட்டது. அவன் இரண்டு வாரம் வகுப்புக்கே வரவில்லை என்று பிறகு தெரிந்தது, அதுதான் மறக்கவில்லை.

திரும்பிப் போன அன்று அவனையே கூப்பிட்டு அதே கையை நீட்டினேன். முட்டையைப் பிடிப்பது போலப் பிடித்தான். "இறுக்குப்பா" என்றேன். இறுக்கினான். அவன் தொடையில் இரண்டு முறை தட்டினேன்.

சரி, அந்த முட்டிவலியைப் பயிற்சியாளரிடம் சொன்னீர்களா?