பொழுது சாய்ந்ததும் தடுமாறும் பிள்ளை

கேள்வி: ஏலத்தோட்ட வேலைக்காக ஆறு மாதம் கேரள மலையில் வண்டன்மேட்டுத் தொழிலாளர் லயத்தில் இருந்துவிட்டு, இப்போது கம்பம் திரும்பியிருக்கிறோம். அங்கே என் 4 வயது மகனுக்கு வயிற்றுப்போக்கு விடாமல் இருந்தது. இப்போது விளக்கு வைக்கும் நேரமானால் வாசற்படியில் இடறுகிறான். பகலில் ஒரு குறையும் இல்லை. கேரட் சாறு போதும் என்கிறார் மாமியார். போதுமா?

பதில்: போதாதம்மா. சாற்றை நம்பி நாள் கடத்தாதீர்கள்.

இது மாலைக்கண்ணாக இருக்கலாம். மங்கல் வெளிச்சத்தில் பார்க்க விழித்திரைக்கு ஒரு நிறமி தேவை. வைட்டமின் ஏ இல்லாமல் அது உண்டாகாது. நீடித்த வயிற்றுப்போக்கில் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, கல்லீரலில் இருந்த கையிருப்பும் கரையும். தட்டம்மைக்குப் பிறகும் இப்படி ஆவதுண்டு.

இன்றே பையனைப் பகல் வெளிச்சத்தில் உட்காரவைத்து வெள்ளை விழியைப் பாருங்கள். கருவிழியை ஒட்டிக் காதுப் பக்கமாக, சோப்பு நுரை காய்ந்தது போல வெண்திட்டு இருக்கிறதா? கண் பளபளப்பு போய் வறண்டிருக்கிறதா? இருந்தால் உடனே கிளம்புங்கள். கருவிழி கலங்கிப் புண்ணானால் ஓரிரு நாளில் உருகிப்போகலாம். எதுவும் தெரியாவிட்டாலும் இந்த வாரமே கண் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும், தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரிக்கே போகலாம்.

வைட்டமின் ஏ பற்றாக்குறைதான் என்றால், இந்த வயதுக்கு அதை 2 லட்சம் யூனிட் வீதம் அன்றும் மறுநாளும் இரண்டு வாரம் கழித்தும் கொடுப்பார்கள். பெரும்பாலும் சில நாளிலேயே இருட்டில் பார்வை தெளியும். தெளியவில்லையென்றால் பரம்பரை விழித்திரை நோயா என்று பார்க்க வேண்டும். சொந்தத்தில் கல்யாணம் என்றால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ 9 மாதத்தில் 1 லட்சம் யூனிட், பிறகு 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் என்பது வழக்கமான கணக்கு. மலைக்கும் ஊருக்குமாக அலையும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்குதான் தப்புகிறது: இரண்டு பக்கமும் விட்டுப்போகும், இல்லையேல் இரண்டு பக்கமும் கொடுத்துவிடுவார்கள். அளவு மீறினால் வாந்தி, தலைவலி வரும். அதனால் கடையில் நீங்களாக வாங்கி ஊற்றவே கூடாது.

கேரட்டிலும் கீரையிலும் இருப்பதை உடம்புதான் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ள வேண்டும். அது ஒட்ட எண்ணெய்ப் பசை வேண்டும். வெறும் சாற்றைவிட, எண்ணெயில் வதக்கிய முருங்கைக்கீரையைச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். ஆட்டு ஈரலிலும் முட்டை மஞ்சள் கருவிலும் வைட்டமின் ஏ நேராகவே கிடைக்கும்.

வீட்டில் இன்னொரு சின்னக் குழந்தை இருந்தால் அதையும் கூட்டிப்போங்கள். இருவருக்கும் ஒரே பானைச் சோறுதானே.