நாற்பது வயதில் பிஎச்டி: சென்னையில் எங்கே குடியிருப்பது? கேள்வி பதில்

கிண்டியிலிருந்து தரமணி வரை ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி, தரமணி வளாகங்கள், கணித அறிவியல் நிறுவனம், ரோஜா முத்தையா நூலகம் என்று படிப்பும் ஆராய்ச்சியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வேலையை விட்டோ விடுப்பு எடுத்தோ முப்பத்தைந்து, நாற்பது வயதில் இங்கே வருபவர்கள் முதலில் கேட்பது வீடு பற்றித்தான். நானும் அப்படி வந்து, ஆய்வை முடித்து, இந்தப் பக்கத்திலேயே குடியிருப்பவள். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மேடம், திருநெல்வேலியில் கல்லூரி ஆசிரியராக இருக்கிறேன், வயது 41. ஐஐடியில் முழுநேர பிஎச்டி இடம் கிடைத்திருக்கிறது. மனைவிக்கு வங்கி வேலை, மாற்றல் கேட்க முடியும். மகன் எட்டாவது, மகள் மூன்றாவது. நான் ஹாஸ்டலில் தங்கிவிட்டு அவ்வப்போது ஊருக்குப் போய்வரலாமா, குடும்பத்தோடு வந்துவிடலாமா?

பதில்: குடும்பத்தோடு வாருங்கள் சார், ஆனால் சேரும் மாதத்திலேயே வேண்டாம். முதல் செமஸ்டர் ஹாஸ்டலில் இருங்கள். அந்தச் சில மாதங்கள் பாடங்களிலேயே ஓடிவிடும். அதைவிட முக்கியம், உங்கள் வழிகாட்டி யார், நாள் முழுக்க எந்தக் கட்டடத்தில் உட்காரப் போகிறீர்கள் என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். வளாகம் அறுநூறு ஏக்கருக்கு மேல். சர்தார் படேல் சாலையில் இருக்கும் மெயின் கேட்டுக்கு எதிரிலேயே வீடு பிடித்தாலும், அங்கிருந்து துறைக்கு உள்ளே ஓடும் பஸ்ஸுக்கு நிற்கவேண்டும், இல்லாவிட்டால் சைக்கிள் மிதிக்கவேண்டும். ஆய்வகம் ரிசர்ச் பார்க் பக்கம் என்றால் தரமணி, கானகம், இந்திரா நகர் வசதி. மெயின் கேட் பக்கம் என்றால் கஸ்தூர்பா நகர், கோட்டூர். வேளச்சேரி கேட் வழியாகப் போய்வருகிறவர்களும் நிறைய. எல்லா கேட்டும் எந்த நேரமும் திறந்திருக்கும் என்று நினைக்காதீர்கள், காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

பள்ளி விஷயம். மகன் இப்போது எட்டாவது. ஒன்பதாவது தொடங்கும்போது மாற்றுங்கள். பத்தாவது நடுவில் மாற்றினால் உங்கள் ஆய்வைவிட அவன் படிப்புதான் முதலில் அடிபடும். வளாகத்துக்குள்ளேயே கேந்திரிய வித்யாலயாவும் வனவாணி பள்ளியும் இருக்கின்றன. கேந்திரிய வித்யாலயாவின் முன்னுரிமை வரிசையில் நீண்டகால ஆய்வில் இருக்கும் மாணவர்களின் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. சேர்ந்ததற்கான சான்று கைக்கு வந்தவுடன் பள்ளி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். திருமணமான ஆய்வு மாணவர்களுக்கான குடியிருப்புக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள், ஆனால் அது கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடவேண்டாம்.

இன்னொன்று. வீடு பார்க்கப் போகும்போது ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். இந்தப் பக்கத்துப் போர்ஷன்கள் பலவற்றில் ஹாலைத் தாண்டித்தான் அடுப்படி, ஹாலைத் தாண்டித்தான் பாத்ரூம். டிவி ஓடும்போது நீங்கள் எங்கே உட்கார்ந்து படிப்பீர்கள்? சாத்திக்கொள்ளக் கதவுள்ள ஒரு இடம், ஆறடிக்கு நாலடி இருந்தாலும் போதும், அது உள்ள வீட்டை இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் எடுங்கள். பிஎச்டி எழுதுவது பெரும்பாலும் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான்.

கேள்வி: விருப்ப ஓய்வில் வந்த பணம் இருக்கிறது. வேளச்சேரியில் ஒருவர் மாத வாடகை இல்லாமல் லீஸுக்கு வீடு தருகிறேன் என்கிறார். தரைத்தளம். மூன்று வருடத்துக்குப் பிறகு முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். எடுக்கலாமா?

பதில்: இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. முதலில் தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரியின் தாழ்வான தெருக்கள் மூழ்கின. ஏரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் சுருங்கிப்போன பிறகு மழைநீர் போக இடமில்லை, தெருவிலேயே நிற்கிறது. அதற்காக வேளச்சேரி முழுவதும் அப்படி என்று சொல்லமாட்டேன். ஒரே நகரில் ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெருவில் கணுக்கால் அளவுகூட நிற்காது. அதனால் ஏரியாப் பெயரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அந்தத் தெருவிலேயே நின்று பாருங்கள். காம்பவுண்டுச் சுவரில் கீழே மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறதா? ஈபி மீட்டரைத் தலைக்கு மேல் தூக்கி மாட்டியிருக்கிறார்களா? தெருவைவிட வீட்டு வாசல் தாழ்ந்திருக்கிறதா? கீழ்வீட்டுக் கதவின் அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா? தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் 'மிக்ஜாமுக்கு இங்கே எவ்வளவு தண்ணி வந்துச்சு' என்று கேளுங்கள். புரோக்கர் சொல்லாததை அவர் சொல்வார். மூன்று வருடக் குறிப்பும் புத்தகமும் உள்ள வீடு தரைத்தளத்தில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாவது, பணம். லீஸ் என்றால் பல லட்சத்தை ஒருவர் கையில் ஒட்டுமொத்தமாகக் கொடுக்கிறீர்கள். அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, அவர் தவணை கட்டாமல் விட்டால் வங்கி வீட்டைத்தான் பிடிக்கும், உங்கள் பணத்துக்கு நீங்கள் நடையாய் நடக்கவேண்டும். வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள், அசல் பத்திரம் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இதில் எதற்காவது அவர் தயங்கினால் விட்டுவிடுங்கள். ஓய்வுப் பணம் உங்களுக்கு இன்னொருமுறை வராது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் மாத வாடகைக்கே போவேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயது, திருமணமாகவில்லை. கோவையில் ஐடி வேலையை விட்டுவிட்டு அண்ணா பல்கலைக்கழகத்தில் சேர்கிறேன். பல்கலைக்கழக ஹாஸ்டலா, வெளியே லேடீஸ் ஹாஸ்டலா, தனி வீடா?

பதில்: தனி வீடு கிடைத்தால் அதுதான் உங்களுக்குச் சரி. பத்து வருடம் சொந்தக் காலில் நின்ற பிறகு, இரவு எத்தனை மணிக்கு வந்தாய் என்று வார்டனுக்குப் பதில் சொல்வது ஒரு மாதத்திலேயே கசந்துவிடும். ஆனால் தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கொடுக்கிறவர்கள் குறைவு, அதை மறைத்துச் சொல்லி என்ன பயன்? கோட்டூர்புரம், காந்தி நகர், கஸ்தூர்பா நகர் பக்கம் கீழே ஓனர் இருந்து மாடியை மட்டும் விடும் பழைய வீடுகளைத் தேடுங்கள். வாடகை கூடத்தான் இருக்கும். சிலர் கேள்வியும் கேட்பார்கள்: ஏன் கல்யாணம் ஆகலை, யார் யார் வந்து போவாங்க? முதல் சந்திப்பிலேயே நீங்களே சொல்லிவிடுங்கள், 'ஆராய்ச்சி மாணவி, லேப் முடிந்து வர ராத்திரி ஒன்பது, பத்தாகும், நண்பர்கள் வருவார்கள்' என்று. அதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர் வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். அந்த முகத்தை நான்கு வருடம் தினமும் படியேறும்போது பார்க்கவேண்டியிருக்கும்.

வீடு அமையும் வரை லேடீஸ் ஹாஸ்டல் என்றால், பெண்கள் விடுதிகளை முறைப்படுத்த 2014-இல் வந்த தமிழ்நாடு சட்டத்தின்படி அது உரிமம் பெற்றதா என்று கேளுங்கள். மாதக் கணக்கில் கட்டுங்கள், மொத்தமாக எதுவும் கொடுக்காதீர்கள். வெள்ளைப் பலகை டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் போக்குவரத்துச் செலவு பெரிதாகத் தெரியாது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் நிறுத்தத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்தில் தமிழாசிரியர் நான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆய்வு. விடுமுறையிலும் சனி, ஞாயிறுகளிலும்தான் வரமுடியும். திருவல்லிக்கேணி மேன்ஷனில், அதாவது தனியாக வருபவர்களுக்கு ஒற்றை அறை வாடகைக்கு விடும் கட்டடத்தில், ஒரு அறை எடுத்து வைக்கலாம் என்கிறார்கள்.

பதில்: ஐயா, உங்கள் ஆய்வு எதைப் பற்றி என்று நீங்கள் எழுதவில்லை. பழைய தமிழ் இதழ்கள், பதிப்பு வரலாறு என்றால் நீங்கள் அதிகம் உட்காரப்போவது பல்கலைக்கழகத்தின் மெரினா வளாகத்தில் இல்லை. தரமணியில் ரோஜா முத்தையா, உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், எழும்பூரில் கன்னிமாராவும் ஆவணக் காப்பகமும். இந்த வரிசையில் எது உங்களுக்கு வேண்டுமோ அதுதான் உங்கள் வளாகம்.

அதனால் பறக்கும் ரயில் பாதையை ஒட்டி இடம் பாருங்கள். சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, திருமயிலை, மந்தைவெளி, கஸ்தூர்பா நகர், இந்திரா நகர், திருவான்மியூர், தரமணி என்று எல்லாம் ஒரே தடத்தில். ஐந்து, பத்து ரூபாய் டிக்கெட்டில் பல்கலைக்கழகத்துக்கும் போகலாம், தரமணிக்கும் போகலாம். மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கம் வீட்டோடு சேர்ந்த ஒற்றை அறை கிடைத்தால் மேன்ஷனைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். மேன்ஷனில் மெஸ் சாப்பாடு பக்கத்திலேயே, நாள் வாடகைக்கும் அறை கிடைக்கும், அதெல்லாம் வசதிதான். ஆனால் பல அறைகளில் ஜன்னல் நடைவழியைப் பார்த்திருக்கும், மே மாதத்தில் உள்ளே உட்கார்ந்து நாலு பக்கம் எழுதமுடியாது. நீங்கள் அதிகம் வரப்போவதே மே மாதத்தில்தானே.

மாதம் முழுக்க வாடகை கட்டி அறையைப் பூட்டி வைக்கவும் வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைப்படி பிஎச்டிக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. ஆறு ஆண்டு பூட்டிய அறைக்கு வாடகை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களைப் போல வந்துபோகும் இன்னொரு ஆசிரியரோடு சேர்ந்து எடுத்தால் பாதியாகிவிடும்.

கேள்வி: பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். இது சட்டமா?

பதில்: பழக்கம், சட்டம் இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைதான் முன்பணம். ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் கூடுதலாக வாங்கலாம் என்று அதிலேயே இடம் இருக்கிறது, அதனால்தான் பழக்கம் போகவில்லை. 15,000 வாடகைக்குப் பத்து மாதம் என்றால் ஒன்றரை லட்சம் நான்கைந்து வருடம் முடங்குகிறது. ஐந்து மாதத்துக்குப் பேசுங்கள், இறங்கி வருகிறவர்கள் உண்டு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும், வாடகை ஆணையத்தில் பதிவாகட்டும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி போக மீதியைத் திருப்பித் தரவேண்டும் என்பதும் அதே சட்டம்தான். பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை நுழையும்போதே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள், பெரும்பாலான சண்டை அங்கேதான் வருகிறது.

ஈபியும் பாருங்கள். வீட்டுக்குத் தனி மீட்டர் இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வரும். ஓனர் சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால் அது வராது.

கேள்வி: ஃபெலோஷிப்பில் வீட்டு வாடகைப்படி உண்டா?

பதில்: ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) என்றால் மாதம் 37,000, எஸ்ஆர்எஃப் (முதுநிலை) என்றால் 42,000, இது 2023 ஜனவரி முதல். ஹாஸ்டல் எடுக்காதவர்களுக்கு மத்திய அரசு விதிப்படி வாடகைப்படி தனி. ஆனால் எல்லா உதவித்தொகையும் ஒன்றல்ல. உங்கள் ஆணையில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாடகையை முடிவு செய்யுங்கள். பணம் மாதக்கணக்கில் தாமதமாக வருவதும் நடக்கும், ஆறு மாத வாடகை கையிருப்பில் இருக்கட்டும்.

கேள்வி: தாம்பரத்தில் சொந்த வீடு. அம்மாவுக்கு 74 வயது, இதய நோயாளி. அண்ணா பல்கலைக்கழகத்தில் முழுநேர ஆய்வு. தினமும் அலைய முடியாது, கிண்டி பக்கம் வாடகைக்குப் போய்விடலாம் என்கிறார் கணவர்.

பதில்: போகாதீர்கள். அம்மாவைப் பார்க்கும் டாக்டர், மருந்துக்கடைக்காரர், அவசரத்துக்குக் கூப்பிட்டால் ஓடிவரும் பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் தாம்பரத்தில் இருக்கிறார்கள். அதைக் கிண்டியில் புதிதாக உண்டாக்க ஒரு வருடம் ஆகும், அந்த வருடம்தான் உங்கள் ஆய்வுக்கும் கடினமான வருடம். மின்சார ரயிலில் கிண்டி, அங்கிருந்து பஸ். காலை ஏழு மணிக்கு முன்னால் ஏறினால் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. தினமும் வரவேண்டிய கட்டாயம் இருக்கிறதா என்று வழிகாட்டியிடம் அம்மாவின் நிலையைச் சொல்லிப் பேசுங்கள். வந்த நாளில் இரண்டு சந்திப்புக்கு நடுவே நேரம் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் பக்கத்தில்தான், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவும் அங்கே தனிப் பகுதி உண்டு.

கேள்வி: பெயரைக் கேட்டவுடன் வீடு இல்லை என்கிறார்கள். போனில் காலி என்றவர்கள் நேரில் போனால் நேற்றே கொடுத்துவிட்டோம் என்கிறார்கள். ஒரு மாதமாக இதுதான்.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் மனம் ஆறவில்லை. மதத்தையும் சாதியையும் சமையலையும் கேட்டு வீடு மறுப்பது இந்த நகரத்தில் நடக்கிறது, படித்தவர்கள் நிறைந்த தெருக்களிலும் நடக்கிறது. உங்களிடம் எந்தக் குறையும் இல்லை.

செய்யக்கூடியது இது. டு-லெட் போர்டையும் புரோக்கரையும் விட்டுவிட்டு, பட்டம் முடித்துக் காலி செய்யப்போகும் சீனியர்களைப் பிடியுங்கள். துறை அலுவலகத்திலும் லேபிலும் கேட்டால் இந்த செமஸ்டர் யார் யார் ஆய்வேட்டைக் கொடுக்கிறார்கள் என்று தெரியும். அவர்கள் இருந்த வீட்டு ஓனர் ஏற்கெனவே ஆய்வு மாணவருக்கு விட்டவர், அவரிடம் சீனியரே உங்களைக் கூட்டிப்போய் அறிமுகப்படுத்தட்டும். முடிந்தால் உங்கள் வழிகாட்டி ஒரு போன் செய்யட்டும். கேட்கக் கூச்சப்படாதீர்கள், பல பேராசிரியர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். அது வரை ஹாஸ்டல் அறையை ஒப்படைக்கவேண்டாம். தரமணி பக்கம் என்றால் எனக்கு எழுதுங்கள், தெரிந்த ஓனர்களிடம் நானே பேசுகிறேன்.

கேள்வி: 23, 24 வயதுப் பையன்கள் மூன்று பேரோடு ஒரு ஃபிளாட்டைப் பகிர்ந்துகொள்ள வாய்ப்பு. எனக்கு 39. சரிப்படுமா?

பதில்: தனி அறை உங்களுக்கு என்றால் சரிப்படும். ஹாலில் படுக்கை என்றால் வேண்டாம். வேலைக்காரம்மா சம்பளம், கேன் தண்ணீர், சமையல் சிலிண்டர் இதெல்லாம் யார் பொறுப்பு என்று முதல் வாரமே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் வயதில் மூத்தவர் என்று எல்லாம் உங்கள் தலையில் விழும். மற்றபடி அந்த வயதுப் பிள்ளைகளோடு இருப்பது நல்லதுதான். புது மென்பொருள் எதுவானாலும் பக்கத்து அறையில் கேட்டுக்கொள்ளலாம், உங்களுக்குத் தெரிந்ததை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். ஒப்பந்தத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும், அட்வான்ஸில் உங்கள் பங்குக்கு ஓனரிடமே ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.