மலைச்சரிவில் கட்டடங்களை வரையும்போது

கோப்பாயிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நுவரெலியாவில் கைப்பேசியில் எடுத்த படத்தைப் பார்த்து, தேயிலைத் தொழிற்சாலையும் லயன் வீடுகளும் உள்ள மலைக்காட்சியொன்றை நீர்வர்ணத்தில் தீட்டினேன். கட்டடங்கள் வெட்டி ஒட்டியவை போல நிற்கின்றன. எங்கே பிழை?"

பெரும்பாலும் கண்மட்டக் கோட்டில்தான், அதாவது நம் கண்ணின் உயரத்தில் காட்சியின் குறுக்கே செல்லும் கோட்டில். காங்கேசன்துறைக் கரையில் நின்றால் கடலும் வானமும் சேருமிடத்தில் அந்தக் கோடு தானாகவே தெரியும். மலைநாட்டில் அது மலைகளுக்குப் பின்னால் மறைந்துவிடுவதால், சமதரைக் காட்சிகளிலேயே கை பழகிய நாம் மலையடிவாரத்தைக் கண்மட்டமாக எடுத்துக்கொண்டுவிடுகிறோம். கைப்பேசியை மேலேயோ கீழேயோ சாய்க்காமல் பிடித்து எடுத்த படமென்றால், வெட்டாத அந்தப் படத்தின் நடுவால் கண்மட்டம் செல்லும். அதைத் தாளின் குறுக்கே பென்சிலால் மெல்லியதாக முதலில் இடுங்கள். கோட்டுக்குக் கீழே, பள்ளத்தாக்கிலுள்ள லயன்களின் கூரைத் தகரம் அகலமாகத் தெரியும். அவற்றின் முகட்டுக் கோடுகள் தூரம் செல்லச் செல்ல மேலேறும். கோட்டுக்கு மேலே நிற்கும் தொழிற்சாலையின் கோடுகளோ கீழிறங்கும். அதன் கூரைப்பரப்பும் குறுகிவிடும். நம்மை விட்டு மேலேறிச் செல்லும் பாதையின் ஓரங்கள் மட்டும் கண்மட்டத்துக்கும் மேலேயுள்ள ஒரு புள்ளியை நோக்கிச் செல்லும்.

அடுத்தது அத்திவாரம். நிலம் எவ்வளவு சரிந்தாலும் சுவர் நிலைக்குத்தாகவும் தளம் மட்டமாகவுமே இருக்கும். ஆகவே பள்ளத்துப் பக்கம் கல்லுக்கட்டு உயர்ந்தும், மேட்டுப் பக்கம் சரிவை வெட்டிய மண், சுவரை நெருங்கியும் தெரியவேண்டும். ஒட்டிவைத்த தோற்றத்துக்கு இந்தக் கல்லுக்கட்டை வரையாமல் விடுவதும் முக்கியமான காரணம்.

வர்ணத்தில் கவனிக்கவேண்டியது ஒன்றுதான். இடையிலுள்ள காற்று ஒளியின் நீலக்கூற்றைக் கூடுதலாகச் சிதறடிப்பதால் தூரத்து மலைகள் நீலம் பாரித்து வெளிறுகின்றன. அதே தூரத்திலுள்ள கட்டடமும் வெளிறத்தான் வேண்டும். அல்ட்ராமரைன் நீலத்தில் சிறிது பேர்ன்ட் சியன்னா சேர்த்து, நிறைய நீர்விட்டுத் தூரமலையைத் தீட்டுங்கள். தொழிற்சாலையின் வெள்ளைச் சுவருக்கும் தாளின் வெண்மையை அப்படியே விடாமல், அந்தக் கலவையின் மிக இளஞ்சாயலைப் பூசுங்கள்.

கொழுந்தை வாட்டும் மேல்மாடிகளில் யன்னல்கள் நெருங்கிய வரிசையாக இருக்கும். பார்ப்பவர் யன்னலின் அளவைக் கொண்டே மலையின் உயரத்தை மதிப்பிடுவதால், அது சற்றுப் பெருத்தாலும் மலை குன்றாகச் சிறுத்துவிடும். 2ஆம் இலக்கத் தூரிகையை ஈரம் ஒற்றியெடுத்து, விட்டுவிட்டு ஓர் இழுப்பு இழுத்தால் போதும்.