குழந்தைகளின் துணி அலமாரி அடுக்கிய மறுநாளே கலைந்துவிடுகிறது. ஒழுங்காக வைத்திருக்க என்ன செய்யலாம்?

எங்கள் வீட்டில் மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. சேலம் அம்மாப்பேட்டையில் வாடகை வீடு. சுவரோடு கட்டிய சிமெண்ட் ஸ்லாப் அலமாரி ஒன்று இருக்கிறது, அதுதான் பிள்ளைகளுக்கு. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து மடித்து அடுக்குவேன். செவ்வாய்க்குள் எல்லாம் தரைக்கு வந்துவிடும். திட்டுவேன். மறுபடி ஞாயிறு.

ஒருநாள் திட்டாமல், மகன் துணி எடுப்பதைச் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். அவனுக்கு வேண்டியது அடியில் இருந்த நீலச் சட்டை. அதற்கு மேலே பன்னிரண்டு சட்டைகள். எக்கி நின்று உருவினான், மொத்தமும் சரிந்தது. அவன் மேல் என்ன தப்பு? ஸ்லாப்புக்கும் ஸ்லாப்புக்கும் நடுவே ஒன்றரை அடி இருக்கிறதே என்று கோபுரம் கட்டியவள் நான்.

அன்றோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதை விட்டேன். சட்டைகளைச் சின்னதாக மடித்து, பள்ளிக்கூடப் பையில் நோட்டுகள் நிற்பதுபோலக் கூடைக்குள் நிறுத்தி வைக்கிறேன். எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். ஒன்றை உருவினால் பக்கத்தில் உள்ளது லேசாகச் சாயும், அவ்வளவுதான். ஜட்டி, பனியன், சாக்ஸ் ஆகியவற்றை மடிப்பதே இல்லை. ஆளுக்கொரு கூடையில் அள்ளிப் போட்டுவிடுவேன். முதலில் சிக்கனமாக இருக்கட்டும் என்று மாம்பழம் வந்த அட்டைப் பெட்டிகளை வெட்டி வைத்துப் பார்த்தேன். இரண்டே நாளில் எறும்பு வரிசை கட்டி வந்தது. அப்புறம் சின்னக்கடை வீதியில் மூடியில்லாத பிளாஸ்டிக் கூடைகள் ஆறு வாங்கினேன்.

கூடைகளை எங்கே வைப்பது என்பதற்கு அளவு, பிள்ளையின் கைதான். மகனை நிற்க வைத்து, சிரமப்படாமல் எட்டும் உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். தினமும் போடுவதெல்லாம் அதற்குக் கீழே. பட்டுப்பாவாடை, குட்டி வேட்டி, ஸ்வெட்டர் எல்லாம் மேலே. உங்கள் வீட்டில் இரும்பு பீரோ என்றால் அதைச் சுவரோடு திருகி இறுக்கிவிடுங்கள். தட்டைப் படிபோல மிதித்து ஏறும் வயது இது, பீரோ மேலே சாய்ந்தால் உயிருக்கே ஆபத்து.

இன்னொரு எதிரி, நாமே வாங்கி வரும் ‘வளர்ந்த பிறகு போடலாம்’ துணி. வளரும் பிள்ளை என்று ஆடித் தள்ளுபடியில் ஒரு அளவு பெரிதாக எடுப்போம். அது ஒரு வருடம் இடத்தை அடைத்துக் கிடக்கும். சிறுத்துப்போனது ஒரு பக்கம், பெரிதாக இருப்பது ஒரு பக்கம். நடுவே இன்றைக்குப் போடக்கூடிய துணி நாலைந்துதான். நான் எண்ணியபோது எங்கள் அலமாரியில் பாதிக்கு மேல் போட முடியாதவை. பெரியதை வயது எழுதிய பையில் கட்டிப் பரணில் ஏற்றினேன். சிறியதை உறவுக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். (‘மூத்தது போட்ட துணி இருக்கட்டும்’ என்று மாமியார் இரண்டு கவுனைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டார். சரி, இருக்கட்டும்.)

ஒருமுறை போட்டு அழுக்காகாத துணிதான் நாற்காலியில் மலையாகக் குவியும். துவைக்கவும் மனசு வராது, துவைத்ததோடு சேர்க்கவும் முடியாது. அதற்கென்று கதவுக்குப் பின்னால் பிள்ளைகள் உயரத்தில் ஆளுக்கு மூன்று கொக்கி அடித்தேன். மூன்றும் நிறைந்தால் ஒன்று துவைக்கப் போக வேண்டும். நாற்காலி காலியானது இதனால்தான்.

நீங்கள் மலைப்பக்கம் இருப்பவர் என்றால் கொஞ்சம் மாற்றிச் செய்ய வேண்டும். என் நாத்தனார் ஏற்காட்டில் இருக்கிறார். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் வேறு உலகம். மழை, பனிமூட்ட நாட்களில் துணி காய்வதே பெரும்பாடு. என் பேச்சைக் கேட்டு மூடி போட்ட டப்பாக்களில் பிள்ளைகளின் துணியை வைத்தார். ஈரம் வெளியேற வழியில்லாமல் சட்டைக் காலரெல்லாம் பூஞ்சை. இப்போது ஓட்டை போட்ட கூடைதான். பீரோவையும் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டுத் திருகி இறுக்கி, அடிக்கடி கதவைத் திறந்து விடுகிறார். அந்துருண்டை பூஞ்சைக்கு உதவாது. அதோடு குழந்தைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும். நாப்தலீன் உருண்டை என்றால், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். கைக்குழந்தைத் துணியில் போடவே போடாதீர்கள்.

அந்துருண்டைக்குப் பதிலாக நாத்தனார் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைக்கிறார். ஆனால் பூஞ்சை வராமல் இருக்க வெயில்தான் வேண்டும். அங்கே தொடர்ந்து வெயில் வராத நாட்களில் பட்டுத்துணிகளை மட்டும் பையில் போட்டு எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். மாடியில் நிழலாக விரித்தால் மதியத்துக்குள் மொடமொடவென்று ஆகிவிடும். சேலத்தில் வெக்கைக்கா பஞ்சம்?